அத்தியில் எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது?



சென்ற ரமலானின் நடுப்பத்தில் ஓர் இரவு, தராவீஹ் தொழுகையின் நான்காவது ரக்அத்தில் எங்கள் உம்மா நிலைதடுமாறிச் சுவரில் சாய்ந்துவிட்டார்கள். நாக்கு வறண்டு, பேச்சுக் குழறியது. மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை நானூறைத் தொட்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களுக்கு இது எப்படி நேர்ந்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை. நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கலந்து, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்றபடி மாத்திரை நேரங்களை மாற்றி வாங்கி வைத்திருந்தோம். மறுநாள் காலையில்தான் உண்மை வெளிப்பட்டது. மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தன. அவற்றின் அருகில், தேனில் ஊறிய அத்திப்பழங்கள் நிறைந்த ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது.

உறவினர் ஒருவர் உம்மாவின் கைப்பேசிக்கு அனுப்பிய செய்தி ஒன்றே இதற்குக் காரணம். அத்தி குர்ஆனில் சொல்லப்பட்ட பழம். அதனால் நீரிழிவு நீங்குவதை மேலைநாட்டு மருத்துவர்கள் நிரூபித்துவிட்டார்கள். ஸஹரில் ஐந்து, இஃப்தாரில் ஐந்து, தேனில் ஊறவைத்து உண்டால் மாத்திரையே தேவைப்படாது. செய்தியின் சுருக்கம் இதுதான். அதை நம்பி எங்களிடம் சொல்லாமலே பத்து நாட்கள் அவ்வாறு செய்திருக்கிறார்கள்.

நாங்கள் உடன்பிறந்தவர்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்று கடிந்துகொண்டபோது, உம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: “அல்லாஹ் சத்தியம் பண்ணுன பழம் எப்படி வாப்பா கெடுதல் பண்ணும்?”

எங்களில் ஒருவருக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. உம்மாவைக் கடிந்துகொள்ள எங்களுக்கு என்ன தகுதி இருந்தது? அதே செய்தி எங்கள் கைப்பேசிகளுக்கும் வந்திருந்தது. படிக்காமலேயே இருவருக்கு நாங்களும் அனுப்பியிருந்தோம். அந்தக் குற்ற உணர்வில்தான் அத்தியைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினோம்.

முதலில் அந்தச் செய்தியையே பிரித்துப் பார்த்தோம். குர்ஆனின் 95ஆவது அத்தியாயம் அத்தியின் பெயரையே தாங்கி நிற்கிறது; எட்டே வசனங்கள். அத்தியையும் ஒலிவத்தையும் முன்வைத்து அல்லாஹ் சத்தியம் செய்கிறான் என்பதில் ஐயமில்லை. அந்தச் சொற்கள் பழங்களையே குறிக்கின்றன என்று கூறிய விரிவுரையாளர்களும் உண்டு; அவை விளைகின்ற புனித நிலங்களைக் குறிக்கின்றன என்று கூறியவர்களும் உண்டு. ஆனால் எந்தச் செய்தியை உறுதிப்படுத்த அந்தச் சத்தியம் செய்யப்படுகிறது? மனிதன் மிக அழகிய அமைப்பில் படைக்கப்பட்டிருக்கிறான் என்பதை உறுதிப்படுத்தவே. நோய்க்கு மருந்து சொல்வது அந்த அத்தியாயத்தின் பேசுபொருள் அன்று.

அத்தி சொர்க்கத்திலிருந்து இறங்கிய கனி என்றும், மூலத்தையும் கீல்வாதத்தையும் போக்கும் என்றும் ஒரு நபிமொழி பரவலாகச் சொல்லப்படுகிறது. இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) தம் ‘ஸாதுல் மஆத்’ நூலில் அதைக் குறிப்பிட்டு, அது நிறுவப்பட்டதா என்பதில் ஐயம் இருப்பதாகவே எழுதுகிறார். ஹிஜாஸும் மதீனாவும் பேரீச்சை மண். அத்தி அங்கு விளைவதில்லை. ஆதலால் அது சுன்னாவில் பேசப்படவில்லை என்றும் அவர் விளக்குகிறார். அதன் பிறகு அத்தியின் பயன்களைத் தம் காலத்து மருத்துவ அறிவின்படி விரிவாகவே பாராட்டுகிறார். பழத்தை மதிப்பதற்காக நபி (ஸல்) அவர்களின் பெயரில் ஐயத்திற்குரியதைச் சொல்ல வேண்டிய தேவை அந்தப் பேரறிஞருக்கு இருக்கவில்லை.

‘மேலைநாட்டு மருத்துவர்கள்’ என்ற பகுதி எங்களை இன்னும் திகைக்க வைத்தது. அப்படி ஓர் ஆய்வு உண்மையிலேயே இருக்கிறது. 1998இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்டது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் பத்து நோயாளிகளுக்குக் கஷாயம் ஒன்றைக் கொடுத்தபோது, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைந்தது. இன்சுலினின் அளவையும் சற்றுக் குறைக்க முடிந்தது. ஆனால் அந்தக் கஷாயம் காய்ச்சப்பட்டது அத்தியின் இலையில், பழத்தில் அன்று! அவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் இருந்தார்கள். இன்சுலினை ஒருவரும் நிறுத்தவில்லை. இலை கைமாறிக் கைமாறிப் பழமாகி, பழத்தோடு தேனும் சேர்ந்து, உம்மாவின் புட்டிக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

பழத்தின் கணக்கு வேறு. நூறு கிராம் உலர் அத்தியில் ஏறத்தாழ 48 கிராம் சர்க்கரை இருக்கிறது. பெரிய பழம் ஒன்று பதினைந்து கிராம் எடை என்று வைத்தால், பத்துப் பழங்களில் எழுபது கிராமுக்கும் மேல். அதாவது பதினான்கு தேக்கரண்டிச் சீனி. தேன் இந்தக் கணக்கில் சேரவில்லை. அதே நூறு கிராமில் ஏறத்தாழ 10 கிராம் நார்ச்சத்தும், 160 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், 680 மில்லிகிராம் பொட்டாசியமும் இருக்கின்றன என்பதும் உண்மைதான். நோன்பு காலத்தில் பலரை வருத்தும் மலச்சிக்கலுக்கு அத்தி உதவுவதைத் தென்கொரியாவில் பழக்கூழைக் கொண்டு நடத்திய ஆய்வும் காட்டியிருக்கிறது. உடல்நலம் உள்ளவர் இரண்டு பழங்களை ஊறவைத்து உண்பது நல்ல உணவு. நீரிழிவாளர் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பத்துப் பழம் உண்பது தமக்குத் தாமே இழைத்துக்கொள்ளும் தீங்கு.

இலைக்கு ஒரு பயன், பழத்திற்கு வேறொரு பயன் என்று அறிந்த பிறகு, இந்த மரத்தின் மற்றப் பகுதிகள் என்னவாகின்றன என்ற ஆர்வம் பிறந்தது. நாம் கடையில் வாங்குவது, தரம் பிரித்துத் தேர்ந்தெடுத்த பழம் மட்டுமே. தேறாத பழம், தோல், விதை, இலை, பால் ஆகியவை எங்கே போகின்றன?

உலகிலேயே மிகுதியாக அத்தி விளையும் நாடு துருக்கி. அதன் மேற்கே ஐதின் மாவட்டத்துத் தோட்டங்களில் ‘சாரிலோப்’ என்னும் வகை உலர் பழத்திற்காகவே வளர்க்கப்படுகிறது. பழம் கிளையிலேயே வாடிச் சுருங்கித் தானாக உதிர, அதைப் பொறுக்கித் தட்டுகளில் பரப்பி வெயிலில் காய வைக்கிறார்கள். அங்கிருந்து அது செல்லும் ஆலைகளில் இருட்டறை ஒன்று உண்டு. புறஊதா விளக்கின் கீழே நகரும் பழங்களைப் பெண்கள் கண்ணிமைக்காமல் பார்த்திருப்பார்கள். பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் ஒளிரும் பழத்தைக் கையால் எடுத்து ஒதுக்குவார்கள். சில பூசணங்கள் உண்டாக்கும் ‘அஃப்ளாடாக்சின்’ என்ற நஞ்சு அதில் இருக்கக்கூடும் என்பதற்கு அந்த ஒளிர்வு அடையாளம். கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கவல்ல அந்த நஞ்சு கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது. ஒரு கிலோ உலர் அத்தியில் அதன் ‘பி1’ வகை 6 மைக்ரோகிராமுக்கும், எல்லா வகையும் சேர்ந்து 10 மைக்ரோகிராமுக்கும் மேல் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியச் சந்தையில் அதை விற்க இயலாது.

நஞ்சு இல்லாமல், வெறுமனே வெடித்தும் நசுங்கியும் சிறுத்தும் போன பழங்கள் வீணாவதில்லை. அவை கூழாகி பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும் உள்ளீடாகின்றன. ஆஸ்திரியாவில் அத்தியை வறுத்துப் பொடித்துக் காப்பித்தூளுடன் கலக்கும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. ஆனால் கழிவு அத்தியின் ஒரு பகுதி துருக்கியிலேயே மது வடிப்பதற்கும் போகிறது. துனீசியாவில் அத்தியிலிருந்து வடிக்கும் மதுவுக்குத் தனிப் பெயரே உண்டு. அதே பழத்தின் சாற்றை மேலும் புளிக்க விட்டால் சிர்க்காவும் ஆகும். நபி (ஸல்) அவர்கள் பாராட்டிய தொடுகறி சிர்க்கா என்பதை நாம் அறிவோம். ஒரே கழிவுக்கு இரண்டு பாதைகள். ஒன்று ஹராமில் முடிகிறது, மற்றொன்று ஹலாலான உணவில் முடிகிறது. எந்தப் பாதை என்பது மனிதனின் தேர்வாக இருக்கிறது.

கிளையை ஒடித்தால் வடியும் வெண்பாலின் கதை நம் அடுக்களைக்கு இன்னும் நெருக்கமானது. அதிலுள்ள ‘ஃபிசின்’ என்னும் நொதி புரதத்தை அறுக்கும். முற்றிய ஆட்டிறைச்சி வேகாதபோது நம் வீட்டுப் பெண்கள் பச்சைப் பப்பாளிக்காயை அரைத்துத் தடவுகிறார்கள் அல்லவா? பப்பாளியின் நொதி செய்யும் வேலையையே அத்தியின் நொதியும் செய்கிறது. இறைச்சியை மென்மையாக்க உணவுத் தொழிலில் அதைப் பயன்படுத்துகிறார்கள். பாலைத் திரிய வைக்கவும் அது உதவும். மத்தியதரைக் கடலோரத்து இடையர்கள் அத்திக் கொம்பால் பாலைக் கலக்கிப் பாலாடைக்கட்டி செய்திருக்கிறார்கள். ஹோமரின் காவியத்திலேயே அத்திப்பாலால் பால் உறைவது உவமையாக வருகிறது. இன்று கடையில் வாங்கும் சீஸில் சேர்ந்திருக்கும் உறைபொருள் எந்த விலங்கின் இரைப்பையிலிருந்து வந்தது, அது முறைப்படி அறுக்கப்பட்டதா என்று தயங்கும் குடும்பங்களுக்கு, மரத்திலிருந்து கிடைக்கும் உறைபொருள் ஓர் ஆறுதல். அளவு மிஞ்சினால் சீஸ் கசந்துவிடும் என்பது அதன் குறை.

கருநிற அத்தியின் தோலில் ‘ஆந்தோசயனின்’ என்னும் செந்நீலச் சாயம் செறிந்திருக்கிறது. தோலிலிருந்து அதைப் பிரித்து இனிப்புப் பண்டங்களுக்கு இயற்கை நிறமாக்க ஆய்வுகள் நடக்கின்றன. செந்நிறத்திற்காகச் செதிற்பூச்சியை உலர்த்தி எடுக்கும் ‘ஈ120’ சாயத்தைக் கண்டு உறையைத் திருப்பித் திருப்பிப் படிக்கும் நமக்கு, தோலில் கிடைக்கும் இந்த நிறம் கடைக்கு வந்தால் மகிழ்ச்சிதான். விதையைச் செக்கிலிட்டால் வரும் எண்ணெயில் ஒமேகா-3 வகைக் கொழுப்பு மிகுதி. விலை கூடிய அந்த எண்ணெய் பெரும்பாலும் தோல் பூச்சுகளுக்கே போகிறது.

இலைக்கும் பாலுக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டிலும் ‘சோரலென்’ போன்ற பொருள்கள் இருக்கின்றன. அவை தோலில் பட்டபின் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பி, தீப்புண் போலவே கருக்கும். மருவுக்கு அத்திப்பால் தடவலாம், தோல் பளபளக்க இலையைக் காய்ச்சிப் பூசலாம் என்று வரும் செய்திகளை நம்பிக் குழந்தைகளின் மேனியில் பரிசோதனை செய்துவிட வேண்டாம்.

நல்ல பொருளின் பெயரை முன்னால் நிறுத்தி வேறொன்றை விற்பது நம் காலத்துப் புதுமை அன்று. அமெரிக்காவில் ‘கலிபோர்னியா ஃபிக் சிரப் கம்பெனி’ ‘அத்திப் பாகு’ என்ற பெயரில் மலமிளக்கி மருந்து ஒன்றை விற்று வந்தது. அதே பெயரில் வேறொருவர் விற்கத் தொடங்கியபோது அது வழக்குத் தொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1903இல் அந்த நிறுவனம் தோற்றது. பாகில் வேலை செய்த மருந்து அத்தி அன்று, சென்னா இலை. மக்களை ஏமாற்றும் பெயருக்கு நீதிமன்றம் பாதுகாப்புத் தராது என்பது தீர்ப்பு. அந்த சென்னா நமக்கு அயலானது அன்று. நம் நிலவாகைதான் அது. திருநெல்வேலி, தூத்துக்குடிக் கரிசலில் விளைந்து, ‘டின்னவெலி சென்னா’ என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போகிறது. ‘ஸனா’ என்று நபிமொழித் தொகுப்புகளில் இடம்பெறும் மூலிகையும் இந்த இனமே. வேலை செய்தது நம் ஊர் இலை. பெயர் வாங்கியது அத்தி!

உம்மா வீடு திரும்பி உடல் தேறிய பிறகு, இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக அவர்களுக்குச் சொன்னோம். இருட்டறைப் பெண்களின் கதையை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு எழுந்து போய், அலமாரியின் அடித்தட்டில் இருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து வந்தார்கள். கயிற்றில் கோத்த ஆப்கான் அத்திச் சரம். சென்ற ஆண்டு வாங்கியது. சில பழங்கள் கல்லாக இறுகியிருந்தன. சிலவற்றில் கருமையும் பசுமையுமாகப் பூசணம் பூத்திருந்தது. “பூத்த இடத்தை நறுக்கிப் போட்டுட்டு மிச்சத்தை ஊறப்போடலாம்னு வெச்சிருந்தேன். வீணாக்கினா அல்லாஹ் கேப்பானே” என்றார்கள்.

உம்மாவின் அச்சம் நியாயமானது. கீழே விழுந்த கவளத்தையும் அழுக்கு நீக்கி உண்ணச் சொன்ன, உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்று நீங்கள் அறியமாட்டீர்கள் என்று உணர்த்திய நபியின் உம்மத் நாம். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்குத் தர்மமாகக் கிடைத்த ஆடு செத்துக் கிடந்தபோது, அதன் தோலை ஏன் பயன்படுத்தவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அது செத்த பிராணி ஆயிற்றே என்றார்கள் தோழர்கள். அதை உண்பதுதான் தடுக்கப்பட்டிருக்கிறது என்று பதில் வந்தது. புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்த இந்த நிகழ்ச்சியை நாங்கள் பலமுறை கேட்டிருக்கிறோம். கழிவிலும் பயனைத் தேடச் சொல்வதோடு, எதை உண்ணலாம் எதை உண்ணக்கூடாது என்று வரம்பு கட்டுவதும் அதே நிகழ்ச்சிதான் என்பது அன்றுதான் எங்கள் மனத்தில் பதிந்தது.

சரத்தை அவிழ்த்து நால்வரும் உட்கார்ந்து தரம் பிரித்தோம். இறுகியிருந்தாலும் நல்ல பழங்களை உம்மா இட்லிப் பானையில் ஆவி காட்டி, புளியும் மிளகாயும் சேர்த்து அரைத்துத் துவையலாக்கினார்கள். அது எங்களுக்கு, அவர்கள் நாவில் தொட்டு ருசி மட்டும் பார்த்தார்கள். பூசணம் பிடித்தவற்றை நறுக்கிக் காப்பாற்ற இயலாது, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் பரவியிருக்கும் என்று சொன்னபோது, “அப்ப பக்கத்து வீட்டு ஆட்டுக்காவது போடலாம்” என்றார்கள். அந்த நஞ்சு தீவனத்தின் வழியாகப் பாலிலும் இறங்கும் என்று நாங்கள் சொன்னதும், நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் ஆட்டுப்பால் குடிக்கும் பேரக்குழந்தை இருக்கிறது. கடைசியில் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தோம்.

மண்ணைத் தள்ளி மூடியபின், உம்மாவின் பழைய கேள்விக்கு எங்களுக்குத் தெரிந்த பதிலைச் சொன்னோம். பழம் கெடுதல் செய்யவில்லை உம்மா. அத்தியை வைத்துச் சத்தியம் செய்த இறைவன், அந்தச் சத்தியத்தால் உறுதிப்படுத்தியது மனிதனின் அழகிய படைப்பைத்தான். அந்தப் படைப்பில் உங்கள் உடலும் அடக்கம். பழம் அருட்கொடை என்றால் உடல் அமானிதம். நோய்க்கு மருந்தை இறக்கியவனும் அவனே. மாத்திரையும் அவன் கொடுத்த மருந்துதான்.

உம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கைப்பேசியை எங்களிடம் நீட்டி, “இந்தச் செய்தியை அனுப்புனவங்களுக்கு நடந்ததை எழுதிப் போடு. அவங்க வீட்லயும் சர்க்கரை உள்ளவங்க இருக்காங்க” என்றார்கள். அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்பினோம். நாங்கள் முன்பு அந்தச் செய்தியை அனுப்பிய இருவருக்கும் தனியே தொலைபேசியில் பேசி மன்னிப்புக் கேட்டோம். அவர்களில் ஒருவர் அதற்குள் பதினொரு பேருக்கு அனுப்பியிருந்தார்.

அந்தப் பதினொரு பேருக்காகத்தான் இதை இங்கே எழுதுகிறோம். உங்கள் வீட்டு முதியவர்கள் ரமலானில் மாத்திரையைத் தவறாமல் உண்கிறார்களா என்று அட்டையை எடுத்து ஒருமுறை பாருங்கள். அத்தி வாங்குங்கள், உண்ணுங்கள், அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள்; பிளந்து உள்ளே பார்த்த பிறகு கொடுங்கள். நமக்கு வரும் செய்தியையும் அப்படியே பிளந்து பார்த்த பிறகு பிறருக்கு அனுப்புவோம். பயனுள்ள கல்வியையும் பரக்கத்தான உணவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.